கடலைத் தொடாத விக்டோரியா ஏரிக்குக் கப்பல்கள் வந்தது எப்படி, பின்னர் குறைந்தது ஏன்?

வரைபடப்பித்தன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிழக்கு ஆப்பிரிக்காவின் பழைய ரயில்வே வரைபடம் ஒன்று என் கைக்குக் கிடைத்தது. அச்சிட்ட ஆண்டு இருந்த மூலை கிழிந்துபோயிருக்கிறது. கென்யாவின் கடற்கரைத் துறைமுகமான மொம்பாசாவில் தொடங்கும் தடித்த கோட்டின் ஒரு முனை கிசுமுவில் விக்டோரியா ஏரியைத் தொட்டு நின்றுவிடுகிறது. ஆனால் பயணம் அங்கே நிற்கவில்லை. கிசுமுவிலிருந்து புள்ளிக்கோடுகள் ஏரிக்குள் இறங்கி, ஜிஞ்சா, போர்ட் பெல், என்டெபே, புகோபா, ம்வான்சா என ஒவ்வொரு துறையையும் தொட்டுக்கொண்டு ஏரியை முழுவதுமாகச் சுற்றி வருகின்றன. அவை கப்பல் தடங்கள் என்று வரைபடத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறார்கள்.

அந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீட்டர். அது இருப்பதோ கடல்மட்டத்திலிருந்து 1,134 மீட்டர் உயரத்தில். கடற்கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் அந்த உயரத்துக்கு ஆயிரம் டன் எடையுள்ள கப்பல்கள் எப்படி வந்து சேர்ந்தன? நைல் ஆறு இந்த ஏரியிலிருந்துதான் புறப்படுகிறது என்பதால், எகிப்திலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறி வந்திருப்பார்களோ என்பது என் ஊகம். ஜெர்மானியர்கள் ஒரு கப்பலைப் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டுவந்து இந்த ஏரியில் விட்டதாகவும் எங்கோ படித்திருக்கிறேன்.

இன்னொரு கேள்வியும் உண்டு. ஏரியைச் சுற்றி வந்த அந்தப் பயணிகள் கப்பல்கள் இன்று ஏன் இல்லை? ரயிலும் சாலையும் வந்துவிட்டன என்று ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம்தான். ஆனால் இத்தனை தீவுகள் உள்ள ஏரியில் சாலை எப்படிக் கப்பலுக்கு மாற்றாகும் என்பதால் அந்த விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பட்டறைக்காரன் எழுதியது:

நைல் வழியாக வந்திருக்க வாய்ப்பே இல்லை. ஏரியை விட்டு ஆறு வெளியேறும் ஜிஞ்சாவிலேயே ரிப்பன் அருவி குறுக்கே இருந்தது. 1954இல் ஓவன் அருவி அணை திறக்கப்பட்டபோது அது நீருக்குள் மறைந்துவிட்டதால் இன்றைய படங்களில் அதைக் காண முடியாது. அந்த அருவியைத் தாண்டினாலும் கீழே மர்ச்சிசன் அருவி காத்திருக்கிறது. ஆகவே கப்பல்கள் தரை வழியாகத்தான் வந்தன, அதுவும் துண்டு துண்டாக.

முறை இதுதான். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி நகரத்தில் இருந்த பௌ மெக்லாக்லன் போன்ற கப்பல் கட்டும் பட்டறைகள், கப்பலின் உடலை முதலில் வெறும் போல்ட்டுகளால் இணைத்து முழு வடிவில் நிறுத்துவார்கள். எல்லாத் தகடுகளும் விலாச்சட்டங்களும் பொருந்துகின்றன என்று உறுதியானதும் ஒவ்வொன்றிலும் எண் பொறித்து, மறுபடி கழற்றி, கட்டுகளாகவும் பெட்டிகளாகவும் மொம்பாசாவுக்குக் கப்பலேற்றுவார்கள். இன்று நாம் அலமாரியை அட்டைப்பெட்டியில் வாங்கி வீட்டில் பூட்டுகிறோமே, அதே முறைதான். ஆனால் இங்கே ஒரு துண்டு தொலைந்துபோனால் மாற்று வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நான் பல ஆண்டுகள் ஒரு படகுப் பட்டறையில் பழைய ரிவிட் தோணிகளைப் பழுதுபார்த்தவன் என்பதால், ஏரிக்கரையில் அதன் பின் என்ன நடந்திருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்ததுபோலவே சொல்ல முடியும். தகடுகளைப் போல்ட் போட்டு நிறுத்தியதும், ஒருவர் உலையில் ரிவிட்டைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி இடுக்கியால் எடுத்துக் கொடுப்பார். அடுத்தவர் அதைத் துளைக்குள் செருகுவார். உட்புறத்தில் ஒருவர் கனமான இரும்பைத் தலைக்கு முட்டுக்கொடுத்துப் பிடித்திருக்க, வெளியே இருவர் மாறி மாறிச் சம்மட்டியால் அடித்து மறுமுனையைத் தலையாக்குவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்குகிறது. அந்தச் சுருக்கம்தான் இரண்டு தகடுகளையும் இறுக்கிப் பிடிக்கிறது. சூடு போதாமல் அடித்த ரிவிட் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சிறு சுத்தியலால் தட்டினால் ஓசை மந்தமாகக் கேட்கும். அதை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். ஒரு நடுத்தரக் கப்பலில் இப்படிப் பல்லாயிரம் ரிவிட்டுகள் இருக்கும். கடைசியாகத் தகட்டின் விளிம்பை உளியால் தட்டி மடக்கிக் கசிவை அடைப்பார்கள். மரப்படகுக்குக் கலப்பத்து அடிப்பதற்கு, அதாவது பலகை இடுக்குகளை அடைப்பதற்கு, இணையான வேலை இது.

இப்படி முதலில் வந்தவற்றுள் குறிப்பிடத்தக்கது வில்லியம் மெக்கினன் என்ற சிறிய நீராவிக் கப்பல். 1890களில் மொம்பாசாவில் வந்து இறங்கிய அதன் பகுதிகள், ரயில்பாதை இன்னும் ஏரியை எட்டாத காலத்தில், பாதை முடிந்த இடத்துக்கு அப்பால் சுமைதூக்குவோர் தலையில் சென்றன. 1900இல்தான் அது நீரில் இறங்கியது. 1896இல் மொம்பாசாவில் தொடங்கிய உகாண்டா ரயில்வே 1901 டிசம்பரில் கிசுமுவை எட்டியது. அதைப் போட இந்தியாவிலிருந்து சுமார் 32,000 தொழிலாளர்கள் அழைத்துச் செல்லப்பட்டார்கள், ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். பாதை வந்ததும் கப்பலின் அளவு உடனே பெருகியது. 1902இல் வினிஃப்ரெட், அடுத்து சிபில், 1906இல் கிளெமென்ட் ஹில், 1907இல் நயான்சா, 1914இல் உசோகாவும் ருசிங்காவும் என்று வரிசையாகக் கிசுமுவில் இறங்கின. மனிதத் தலை தூக்கக்கூடிய துண்டின் எடைக்கும் ரயில்பெட்டி தூக்கக்கூடிய துண்டின் எடைக்கும் உள்ள வேறுபாடுதான் வில்லியம் மெக்கினனுக்கும் கிளெமென்ட் ஹில்லுக்கும் உள்ள வேறுபாடு.

உங்கள் வரைபடம் ரயில்வே வரைபடமாக இருப்பது தற்செயல் அன்று. இந்தக் கப்பல்களின் உரிமையாளர் தனிக் கப்பல் நிறுவனம் அல்ல, ரயில்வேதான். மொம்பாசாவில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் ரயிலில் கிசுமுவுக்கு வந்து, கப்பலேறி என்டெபேயில் இறங்கலாம். அன்று இளநிலை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் 1907இல் இப்படித்தான் உகாண்டாவுக்குப் போனார். கப்பலை ரயில்பாதையின் நனைந்த பகுதி என்று எண்ணிக்கொண்டால் உங்கள் இரண்டாம் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். மீதியை ரயில்வேயில் இருந்தவர்கள் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

துடுப்பு எழுதியது:

பட்டறைக்காரன் ஐயாவின் விளக்கம் அருமை. ஆனால் அந்த ஏரியின் கப்பல் வரலாறு 1900இல் தொடங்குவதுபோன்ற தோற்றம் வந்துவிடுகிறது என்பதால் இதைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே, இன்றைய உகாண்டாவில் இருந்த புகாண்டா அரசின் படகுப்படை அந்த ஏரியின் வடகரையை ஆண்டுகொண்டிருந்தது. அதன் தலைவனுக்குக் கபுங்கா என்று பட்டப்பெயர். படகுகளைக் கட்டுவதிலும் செலுத்துவதிலும் பெயர்பெற்றவர்கள் செசே தீவுக்கூட்டத்து மக்கள். ஏரித்தெய்வமான முகாசாவின் கோயிலும் அங்கேதான் இருந்தது. 1875இல் வந்த நாடுகாண் பயணி ஸ்டான்லி, மன்னர் முட்டேசாவின் போர்ப்படகுகள் இருநூறுக்கும் மேற்பட்டவை அணிவகுத்ததை வியந்து எழுதியிருக்கிறார். அவற்றுள் பெரியவை 20 மீட்டருக்கும் கூடுதலான நீளமுடையவை.

செசே படகு குடைந்த மரம் அன்று, தைத்த படகு. ஒரே மரத்தைச் செதுக்கிய கனத்த ஏரா (படகின் அடிமரம்) கீழே இருக்கும். அதன் மேல் பலகைகளை அடுக்கி, விளிம்புகளில் வரிசையாகத் துளையிட்டு, நாரால் தைத்து, தையலின் உள்ளே நார்ப்பஞ்சை அடைத்து இறுக்குவார்கள். ஆணி கிடையாது. ஏராவின் முனை அணியத்துக்கு (படகின் முன்பகுதிக்கு) முன்னால் மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும். செங்குத்தாக நிற்கும் கொம்பின் உச்சியில் மான்கொம்பையும் இறகுக்கொத்தையும் கட்டுவார்கள். சோழமண்டலக் கரையில் அலைக்கு வளைந்து கொடுப்பதற்கென்றே தைக்கப்பட்ட மசூலா படகை அறிந்தவர்களுக்கு இதன் இயல்பு உடனே புரியும். தையல் படகு நீரைக் கொஞ்சம் உள்ளே விடத்தான் செய்யும்; அதனால் துடுப்பு வலிப்போரோடு ஓயாமல் நீர் இறைக்கவும் ஓர் ஆள் வேண்டும். பாய் கட்டும் வழக்கம் அரபு, சுவாஹிலி வணிகர்களின் தோ மரக்கலங்களோடுதான் ஏரிக்குப் பரவியது.

துண்டுகளாகக் கழற்றிக் கொண்டுவரும் முறையும் நீராவிக் கப்பலுக்கு முந்தியது. ஸ்டான்லி தன் லேடி ஆலிஸ் என்ற 40 அடிப் படகை ஐந்து துண்டுகளாக ஆள் தோளில் சுமக்கவைத்துக் கடற்கரையிலிருந்து ஏரிக்குக் கொண்டுவந்து, 57 நாட்களில் ஏரியைச் சுற்றி வந்தார்.

இனிச் சொல்லப்போவதுதான் பெரும்பாலான கப்பல் வரலாறுகளில் விட்டுப்போகும் செய்தி. நீராவிக் கப்பல்கள் ஒவ்வொன்றாக ஏரியில் இறங்கிய அதே ஆண்டுகளில், ஏறத்தாழ 1900 முதல், வடகரையிலும் தீவுகளிலும் உறக்க நோய் பரவியது. சில ஆண்டுகளுக்குள் உகாண்டாவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நோயைப் பரப்பும் செட்சி ஈ நீரோரப் புதர்களில் வாழ்வது என்பதால், ஆளுநர் ஹெஸ்கெத் பெல் கரையோர மக்களை உள்நாட்டுக்கு இடம்பெயர்த்தார். 1909இல் செசே தீவுகளும் காலியாக்கப்பட்டன. மீன்பிடிப்பும் படகுப் போக்குவரத்தும் கட்டுப்படுத்தப்பட்டன. மக்கள் திரும்பிவர அனுமதி கிடைத்தது 1920ஐ ஒட்டித்தான். படகு கட்டிய கைகள் பத்தாண்டுகளுக்கு மேல் ஏரியை விட்டு விலகியிருந்த காலத்தில்தான் ரயில்வேயின் கப்பல்கள் அந்த இடத்தை நிரப்பின. மரப்படகு நீராவியோடு போட்டியிட்டுத் தோற்றது என்று எழுதுவோரை நான் ஏற்பதில்லை. போட்டியே நடக்கவில்லை.

கரிப்புகை எழுதியது:

ஜெர்மானியரின் பெட்டிக் கப்பல் இருந்தது விக்டோரியாவில்தான் என்று நினைக்கிறேன். முதல் உலகப்போரில் மூழ்கடித்து, பிறகு மீட்டார்கள். இன்றும் ஓடுவதாகச் சொல்வார்கள்.

பட்டறைக்காரன் எழுதியது:

இல்லை, கரிப்புகை அவர்களே. நீங்கள் சொல்வது தாங்கனீக்கா ஏரியின் கிராஃப் வான் கோட்சன். பாப்பன்பர்க் நகரத்து மேயர் பட்டறையில் 1913இல் கட்டிக் கழற்றப்பட்டு, தார் எஸ் சலாமிலிருந்து ரயிலில் கிகோமாவுக்குப் போய், 1915 பிப்ரவரியில் நீரில் இறங்கியது. 1916 ஜூலையில் பின்வாங்கும்போது ஜெர்மானியரே இயந்திரங்களுக்கு மசகு தடவிவிட்டு அதை மூழ்கடித்தார்கள். 1924இல் ஆங்கிலேயர் அதைத் தூக்கியெடுத்தபோது அந்த மசகுதான் இயந்திரங்களைக் காத்திருந்தது. 1927 முதல் லியெம்பா என்ற பெயரில் பல பத்தாண்டுகள் ஓடியது. தென் அமெரிக்காவின் டிட்டிகாக்கா ஏரிக்கு வந்த யாவரியும் இதே இனம். 1862இல் இங்கிலாந்தில் கட்டிய அதன் துண்டுகள் கோவேறுகழுதைகளின் முதுகில் ஆண்டிஸ் மலையேறி, 1870இல்தான் மிதந்தன.

விக்டோரியாவிலும் போர் நடந்தது, ஆனால் சிறிய அளவில். 1914 நவம்பரில் சிபில், அப்போது ஜெர்மன் ஆட்சியில் இருந்த தென்பகுதியின் கரையோரப் பாறையில் மோதிக் கைவிடப்பட்டது. அதை மீட்கப் போன வினிஃப்ரெட், முவான்சா என்ற ஜெர்மன் இழுவைப்படகிடம் துப்பாக்கிச் சூடு வாங்கித் திரும்பியது. மறு ஆண்டு ஜூனில் புகோபாவைத் தாக்கச் சென்ற படைகளைக் கிசுமுவிலிருந்து ஏற்றிச் சென்றவையும் இந்த ரயில்வே கப்பல்கள்தான்.

இருப்புப்பாதை எழுதியது:

ரயில்வே சரக்குப் பிரிவில் பணிசெய்து ஓய்வுபெற்றவன் நான். "நனைந்த ரயில்பாதை" என்று பட்டறைக்காரன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறேன்.

உகாண்டாவின் பருத்தியும் காப்பியும்தான் இந்தக் கப்பல்களின் பிழைப்பு. பஞ்சு மூட்டைகளைக் கம்பாலாவின் துறையான போர்ட் பெல்லில் ஏற்றி, கிசுமுவில் இறக்கி, ரயில்பெட்டியில் மறுபடி ஏற்றுவார்கள். 1931இல் ரயில்பாதை நைலைக் கடந்து கம்பாலாவையே எட்டியபோது அந்தச் சரக்கு கப்பலை விட்டு இறங்கிவிட்டது. தெற்கே 1928இலேயே தபோராவிலிருந்து ம்வான்சாவுக்குப் பாதை வந்துவிட்டது. ஆக ஏரிக்கப்பல்களைப் பெற்றெடுத்த ரயிலே அவற்றின் சோற்றில் பாதியைப் பிடுங்கிக்கொண்டது எனலாம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை, வரைபடப்பித்தன் தம்பி. சரக்குப் போக்குவரத்தில் செலவைக் கூட்டுவது தூரத்தைவிடக் கைமாற்றம்தான். ஒவ்வொரு மூட்டையும் இருமுறை முதுகேறி இறங்குகிறது. கொக்கி படுகிறது, நனைகிறது, எண்ணிக்கை குறைகிறது. இதற்குத் தீர்வாகத்தான் பெட்டியில் உள்ளதை இறக்காமல் பெட்டியையே கப்பலில் ஏற்றும் முறை வந்தது. 1960களின் நடுவில் கிளாஸ்கோவில் இருந்த ‘யாரோ’ (Yarrow) என்ற கப்பல் கட்டும் நிறுவனத்திடமிருந்து உமோஜா, உஹுரு என்று இரண்டு ரயில் கப்பல்கள் வந்தன. சுவாஹிலியில் ஒற்றுமை, விடுதலை என்று பொருள். ஏரியைச் சுற்றியுள்ள கென்யா, உகாண்டா, தான்சானியா என்ற மூன்று நாடுகளிலும் ஒரே மீட்டர்கேஜ் பாதை என்பதால், கிசுமுவில் ஏறிய பெட்டி ம்வான்சாவிலோ போர்ட் பெல்லிலோ ஜிஞ்சாவிலோ இறங்கித் தன்பாட்டில் உருண்டு போகலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்யும்போது கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு கீல் பாலம் வேண்டும். அதன் மேலுள்ள தண்டவாளமும் கப்பல் தளத்தின் தண்டவாளமும் நூல் பிடித்ததுபோல் நேராக வேண்டும். பெட்டிகளை ஒரே ஓரத்தில் தள்ளிக்கொண்டே போனால் கப்பல் அந்தப் பக்கம் சாயும். சாய்ந்தால் தண்டவாளங்கள் ஒன்றுக்கொன்று உயரம் மாறி அடுத்த பெட்டி தடம்புரளும். அதனால் நடுத்தடத்தை முதலில் நிரப்பி, பிறகு இடமும் வலமுமாக மாற்றி மாற்றி ஏற்றுவார்கள், பக்கத் தொட்டிகளில் நீரை இறைத்துச் சரிக்கட்டுவார்கள். ஏரியில் கடலைப்போல ஓதம் (நீர் ஏற்றவற்றம்) கிடையாது என்று நிம்மதி அடையவும் முடியாது. 1961 முதல் 1964 வரை பெய்த மழையில் ஏரியின் மட்டம் இரண்டு மீட்டருக்கும் மேல் உயர்ந்து துறைமேடைகளை நனைத்தது. 2020 மே மாதத்தில் அந்த அளவையும் தாண்டியது.

இத்தனையும் ஓடிக்கொண்டிருந்தது ஒரே உரிமையாளரின் கீழ். 1948இல் கென்யா, உகாண்டா, தாங்கனீக்கா (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி) ரயில்வேக்கள் கிழக்கு ஆப்பிரிக்க ரயில்வே மற்றும் துறைமுகங்கள் என்று ஒன்றாயின. கப்பல்களும் அதன் கீழ் வந்தன. 1977இல் மூன்று நாடுகளின் கூட்டமைப்பான கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் உடைந்தபோது, அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதுபோலக் கப்பல்களையும் பிரித்துக்கொண்டார்கள். உமோஜாவும் விக்டோரியா என்ற பயணிகள் கப்பலும் தான்சானியாவுக்கு, உஹுரு கென்யாவுக்கு என்று போயின. கென்யா–தான்சானியா எல்லை 1983 வரை மூடிக்கிடந்தது. உகாண்டா 1983–84இல் பெல்ஜியத்திலிருந்து கபலேகா, பம்பா, காவா என்று மூன்று ரயில் கப்பல்களை வாங்கிக்கொண்டது. 2005 மே 8 அன்று நடு ஏரியில் கபலேகாவும் காவாவும் ஒன்றோடொன்று மோதி, கபலேகா மூழ்கியது. அத்தனை பெரிய ஏரியில், ஒரே நாட்டின் இரண்டு கப்பல்கள்!

உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் விடை இதுதான்: சுற்றுத்தடம் மறைந்ததற்குச் சாலையைவிட அந்தப் பாகப்பிரிவினைதான் பெரிய காரணம். மூன்று அரசுகளும் தத்தம் கரையையும் தீவுகளையும் மட்டும் பார்த்துக்கொள்ளத் தொடங்கின. 1980களின் இறுதியில் தோன்றி 1990களின் பின்பாதியில் உச்சத்தை எட்டிய ஆகாயத்தாமரை என்ற நீர்க்களையும் கிசுமு துறையையே அடைத்துப் போட்டது. அதைத் தின்னும் கூன்வண்டுகளைக் கொண்டுவந்து விட்ட பிறகே ஓரளவு தணிந்தது.

ஒரு சிறு கேள்வி: உங்கள் வரைபடத்தில் தெற்கிலிருந்து ம்வான்சாவுக்கு ரயில்கோடு வருகிறதா? வடக்கே கோடு கம்பாலா வரை போகிறதா?

ம்வான்சா கணக்கர் எழுதியது:

இருப்புப்பாதை ஐயா குறிப்பிட்ட விக்டோரியாவில் நான் பலமுறை பயணம் செய்திருக்கிறேன். ம்வான்சாவில் ஒரு மீன் பதனிடும் ஆலையில் சில ஆண்டுகள் கணக்கு எழுதினேன். புகோபாவுக்கு வேலை நிமித்தம் போக வேண்டியிருக்கும். 1961இல் பணியில் சேர்ந்த கப்பல் அது. அரசுத் தபாலைச் சுமந்ததால் அந்நாளில் ராயல் மெயில் கப்பல் என்ற பட்டமும் அதற்கு இருந்தது. அதுவும் கிளாஸ்கோவில் கட்டிக் கழற்றி, கிசுமுவில் மறுபடி பூட்டப்பட்டதுதான்.

இரவில் ம்வான்சாவை விட்டுப் புறப்பட்டால், துறைக்கு அருகே ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பிஸ்மார்க் பாறைகள் இருட்டில் பின்னால் போகும்; விடியற்காலையில் கெமோண்டோவிலும் பின்னர் புகோபாவிலும் நிற்கும். திரும்பும் வழியில் கெமோண்டோவில்தான் காட்சி. பச்சை வாழைத்தார்கள் மேடை முழுவதும் மலைபோல் குவிந்திருக்கும். ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அடித்தளத்துக்குள் அனுப்புவார்கள். தாருக்குச் சொந்தக்காரி ஒவ்வொருத்தியும் காம்பில் தன் துணிக்கிழிசலை அடையாளமாகக் கட்டியிருப்பாள். வெட்டுவாயில் வடியும் பால் படிக்கட்டெல்லாம் கறுத்து ஒட்டும். மூன்றாம் வகுப்பில் இடம் பிடித்தவர்கள் தார்களின் மேலேயே பாய் விரித்துவிடுவார்கள்.

அந்த மூன்றாம் வகுப்பைப் பற்றிப் பேசினால் 1996 மே 21ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. புகோபாவிலிருந்து இதே தடத்தில் வந்த எம்வி புகோபா என்ற கப்பல், ம்வான்சாவை நெருங்கும் வேளையில் காலையில் கவிழ்ந்தது. 430 பேருக்கான கப்பல். மேல் வகுப்புகளுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, மூன்றாம் வகுப்புக்குப் பட்டியலே இல்லை. அதனால் ஏறியவர் எத்தனை பேர் என்ற கணக்கே தெளிவாக இல்லாமல் போயிற்று. மாண்டவர்கள் 800க்கும் மேல். தலைகீழாக மிதந்துகொண்டிருந்த கப்பலின் அடித்தகட்டில், உள்ளே தட்டியவர்களை மீட்பதற்காகத் துளையிட்டார்கள். அதுவரை கப்பலைத் தாங்கிக்கொண்டிருந்த காற்று அந்தத் துளை வழியே வெளியேற, கப்பல் மூழ்கிவிட்டது. இதை அங்கே எந்த டீக்கடையில் யாரிடம் கேட்டாலும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

2018 செப்டம்பர் 20 அன்று உகாரா தீவின் துறைக்குச் சில மீட்டர் தொலைவில் எம்வி நயரேரே கவிழ்ந்ததும் ஏறத்தாழ அதே கதைதான். சுமார் நூறு பேருக்கான சிறு ஃபெரியில் சந்தை நாளன்று ஏறியவர்களில் 228 பேர் இறந்தார்கள். கப்பலின் பொறியாளர் ஒருவர் காற்று தங்கியிருந்த ஓர் அறைக்குள் இரண்டு நாள் உயிரோடிருந்து மீட்கப்பட்டார். கணக்கெழுதும் தொழிலில் இருந்தவன் என்பதால் எனக்கு இரண்டிலும் உறுத்துவது ஒன்றுதான்: சரக்கை மூட்டை மூட்டையாக எண்ணிய துறையில் ஆட்களை எண்ணவில்லை.

கப்பல்கள் அடியோடு ஒழிந்துவிட்டன என்று நினைக்க வேண்டாம். உமோஜா 2018இலும் உஹுரு அதற்கடுத்த ஆண்டிலும் பழுதுபார்க்கப்பட்டுச் சரக்குப் பணிக்குத் திரும்பின. விக்டோரியா புதுப்பிக்கப்பட்டு 2020இல் புகோபா தடத்துக்கு வந்தது. ம்வான்சாவில் 92.6 மீட்டர் நீளத்தில், 1,200 பயணிகளுக்காக ஒரு புதுக்கப்பலைக் கொரிய நிறுவனம் ஒன்று கட்டி, 2023 பிப்ரவரியில் நீரில் இறக்கியது. தீவுகளுக்கு இடையே மரப்படகுகள் ஓயாமல் ஓடுகின்றன. செசே படகின் நீண்ட அணியத்தை அவற்றில் இன்றும் காணலாம், நாருக்குப் பதில் ஆணியும் துடுப்புக்குப் பதில் எந்திரமும் வந்துவிட்டன.

வரைபடப்பித்தன் எழுதியது:

ஒவ்வொருவருக்கும் நன்றி. துடுப்பு அவர்களின் பதிவைப் படித்த பிறகு வரைபடத்தில் செசே தீவுகளைத் தேடினேன். புள்ளிக்கோடு அவற்றின் ஓரமாக, எந்தத் தீவிலும் நிற்காமல் என்டெபேயிலிருந்து நேரே புகோபாவுக்குப் போகிறது.

இருப்புப்பாதை ஐயாவின் கேள்விக்காக உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். தெற்கிலிருந்து ம்வான்சாவுக்குத் தடித்த கோடு வந்து சேர்கிறது. வடக்கே சுற்றிவரும் கோடு ஜிஞ்சாவில், நைலின் கிழக்குக் கரையோடு நின்றுவிடுகிறது. ஆற்றின் மேல் பாலம் வரையப்படவில்லை. அப்படியானால் என் வரைபடம் 1928க்கும் 1931க்கும் இடைப்பட்டது. கிழிந்த மூலையில் பென்சிலால் குறித்துவைத்துவிட்டேன்.